எண்ணெய் தடவியும் மதியத்துக்குள் கால் வெளுத்துப் போவது ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். வயது 52, ஊர் கோவைப் பக்கம், வீட்டில் போர் தண்ணீர். மார்கழி பிறந்தால் முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளை பூத்துவிடுகிறது, நகம் பட்டால் சுண்ணாம்புக் கோடு விழுகிறது, இரவில் அரிப்பு. தினமும் காலையில் செக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, அரை மணி நேரம் ஊறவிட்டு, வெந்நீரில் சோப்புப் போட்டுக் குளிக்கிறீர்கள். மதியச் சாப்பாட்டுக்குள் பழையபடி வெள்ளை. ஆலிவ் எண்ணெயோ பாதாம் எண்ணெயோ வாங்கினால் சரியாகுமா, அதையே ஐந்து மாதப் பேத்திக்கும் தடவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது எந்த எண்ணெய் என்பதுதான். ஆனால் அதற்கு முன்னால், இப்போது தடவுகிற எண்ணெய் ஏன் நிற்கவில்லை என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அது புரிந்தால் ஆலிவா பாதாமா என்ற கவலையில் பாதி தானாகவே போய்விடும்.

எண்ணெயில் ஒரு துளித் தண்ணீர்கூடக் கிடையாது. வறண்ட தோலுக்குக் குறைந்திருப்பதோ தண்ணீர். தோலின் மேலடுக்கு செத்த செல்களால் ஆனது; காலில் அதன் கனம் சாதாரணக் காகிதத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். செங்கல் அடுக்கினாற்போல் அந்தச் செல்கள் இருக்க, நடுவில் சாந்து மாதிரி செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் என்ற கொழுப்புப் பொருள்கள். இந்த அடுக்கில் தண்ணீர் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் அது வளையாது, முறியும். 1952-ல் இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை எளிமையாகக் காட்டினார். காய்ந்து விறைத்த காய்ப்புத் தோல் துண்டை எண்ணெயில் ஊறப்போட்டால் அது விறைப்பாகவே இருக்கிறது. தண்ணீரில் போட்டால்தான் இளகுகிறது. எழுபது வருடம் ஆகியும் இந்த அடிப்படை நிற்கிறது. எண்ணெய் ஈரத்தைக் கொண்டுவந்து கொடுக்காது. இருக்கிற ஈரம் பறந்துபோகாமல் மூடும். காலிச் சட்டிக்கு மூடி போட்டு என்ன பயன்?

அப்படியானால் தடவியதும் வெள்ளை மறைகிறதே என்பீர்கள். பஜ்ஜி மடித்துக் கொடுத்த தாளை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் தாள் கண்ணாடி மாதிரி ஆகி அடியில் இருப்பது தெரியும். தாளின் நார்களுக்கு நடுவில் இருந்த காற்று ஒளியைச் சிதறடித்ததால் அது வெள்ளையாகத் தெரிந்தது. எண்ணெய் அந்த இடைவெளியை நிரப்பியதும் சிதறல் நின்றது. காலிலும் அதேதான். செதில் செதிலாகத் தூக்கி நிற்கிற செத்த செல்களுக்கு அடியில் காற்று இருக்கிறது. எண்ணெய் போய் நிரம்பியதும் வெள்ளை காணாமல் போகிறது. செதில் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எண்ணெய் புடவையிலும் பெட்ஷீட்டிலும் ஒட்டிக்கொண்டு போனதும் அது மறுபடி கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே தடவிய உடனே பார்த்து எந்த எண்ணெயையும் மெச்சாதீர்கள். ஆறு மணி நேரம் கழித்து எப்படி இருக்கிறது என்பதுதான் கணக்கு. எண்ணெய் எலும்பு வரை இறங்குகிறது என்று ஊரில் சொல்வதும் சரியில்லை. தோலை வெட்டாமல் உள்ளே பார்க்கிற கருவிகளைக் கொண்டு செய்த அளவீடுகளில், தாவர எண்ணெய்கள் இந்தச் செத்த அடுக்கின் மேல் சில வரிசைகளுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன.

இப்போது உங்கள் காலை வழக்கத்துக்கு வருவோம். எண்ணெய், பிறகு வெந்நீர், பிறகு சோப்பு: போட்டதை நீங்களே கழுவி விடுகிறீர்கள். குளிக்கும் முன் எண்ணெய் வைப்பது வீண் என்று சொல்லவில்லை. சோப்பு நேராகத் தோலைத் தாக்காமல் அது கொஞ்சம் தடுக்கும். எண்ணெய்க் குளியலுக்குத் தோல் கணக்கில் உள்ள நியாயம் அதுதான். ஆனால் குளித்த பிறகு காலில் ஒன்றுமே மிஞ்சாதபடி தேய்த்துவிட்டு, நாள் முழுக்க அது காக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சீயக்காய் போட்டு இரண்டு முறை அலசினாலும் இதே கதைதான். பயத்தம்மாவு கொஞ்சம் எண்ணெயை விட்டுவைக்கும், அதனால் அது மேல்.

என் கணிப்பில் உங்கள் விஷயத்தில் பெரிய குற்றவாளி வெந்நீர். மார்கழிக் குளிருக்குச் சுடச்சுட ஊற்றிக்கொள்வது சுகமாக இருக்கும். ஆனால் அந்தச் சூடு செல்களுக்கு நடுவில் உள்ள சாந்தை இளக்குகிறது, சோப்பு அதை வழித்துக்கொண்டு போகிறது. சோப்புக் கட்டியின் கார அமிலத்தன்மை (pH; 7-க்கு மேல் காரம், கீழே அமிலம்) 9 முதல் 10 வரை. நல்ல தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டி, லேசான அமிலமாக இருக்கும். உறையில் டி.எஃப்.எம். 76 என்று போட்டிருந்தால் மிருதுவான சோப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த எண் சோப்பில் கொழுப்புப் பொருள் எவ்வளவு, கலப்படம் எவ்வளவு குறைவு என்றுதான் சொல்லும். காரம் குறைவு என்று சொல்லாது. 76 உள்ள சோப்பும் காரம்தான். இதோடு போர் தண்ணீர். கடின நீரில் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு பிசுக்காகி, வாளி ஓரத்தில் படிகிற மாதிரியே தோலிலும் படிகிறது. குளித்து முடித்ததும் கால் இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தால் இவற்றின் வேலை அது. முழங்காலுக்குக் கீழ் எண்ணெய்ச் சுரப்பிகள் முகத்தைவிட மிகமிகக் குறைவு. அதனால்தான் வறட்சி முதலில் அங்கே ஆரம்பிக்கிறது, இழந்ததை மீட்கவும் அங்கேதான் நாளாகிறது.

செய்முறையை மாற்றுங்கள். தண்ணீர் உடம்பு பொறுக்கும் வெதுவெதுப்புக்கு மேல் வேண்டாம். குளியல் பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய மூன்று இடத்துக்குப் போதும். கெண்டைக்காலில் சேறு ஒட்டியிருந்தால் ஒழியச் சோப்பே வேண்டாம். கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீர், முடிந்தால் குடிதண்ணீர், காலில் ஊற்றுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். சொட்டக் கூடாது, ஆனால் தொட்டால் ஈரம் தெரிய வேண்டும். அடுத்த மூன்று நிமிடத்துக்குள் எண்ணெய். குளியலறையை விட்டு வெளியே வந்து, புடவை கட்டி, காபி குடித்துவிட்டுத் தடவலாம் என்றால் ஈரம் போயிருக்கும். எண்ணெய்ச் சீசாவைக் குளியலறை மாடத்திலேயே வைத்துவிடுவது இந்தக் காரணத்துக்காகத்தான்.

அளவு: முழங்காலிலிருந்து கணுக்கால் வரை இரண்டு காலுக்கும் சேர்த்து அரைத் தேக்கரண்டி, அதாவது இரண்டரை மில்லி. உள்ளங்கையில் ஊற்றி இரு கையாலும் ஒரு தேய் தேய்த்துவிட்டு, முட்டியிலிருந்து கீழ்நோக்கி வழியுங்கள். காய்ந்த காலில் தடவும்போது கை பிடித்துப் பிடித்து நகரும். ஈரக் காலில் முதல் வழிப்பில் எண்ணெய் பால் மாதிரி ஒரு கணம் வெளுக்கும், அடுத்த வழிப்பில் தெளிந்து வழுக்கிக்கொண்டு போகும். அந்த வெளுப்புத் தெரிந்தால் ஈரம் அடியில் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். கீழ்நோக்கி என்று சொன்னதற்கும் காரணம் உண்டு. முடிக்கு எதிராக அழுத்தித் தேய்த்தால் எண்ணெய் மயிர்க்கால்களில் அடைத்துச் சின்னச் சின்னக் கொப்புளம் வரும். ஆண்களுக்கு இது அதிகம். அரைத் தேக்கரண்டிக்கு மேல் ஊற்றினால் துணிக்குத்தான் லாபம். இரவு படுக்கும் முன் ஒரு முறை: ஈரக் கையால் காலை நனைத்துக்கொண்டு, அதே அளவில் பாதி. எண்ணெய்ப் பாதத்தோடு டைல்ஸ் தரையில் நடந்து வழுக்கி விழுந்தவர்கள் எலும்பு சிகிச்சைப் பிரிவில் புதிதல்ல. உள்ளங்காலைத் துடைத்துவிட்டு எழுந்திருங்கள்.

இவ்வளவு செய்தும் எண்ணெயால் எவ்வளவு மூட முடியும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். தோல் வழியாகப் பறக்கும் ஈரத்தை வேசலின் என்று நாம் சொல்லும் பெட்ரோலியம் ஜெல்லி 98 சதவீதம் வரை தடுக்கும் என்பது தோல் மருத்துவப் பாடங்களில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. எண்ணெய் வகைகளுக்கு அது 20 முதல் 30 சதவீதம். வேசலின் செடியிலிருந்து வருவதல்ல, பிசுபிசுப்பு, புடவையில் ஒட்டும், எல்லாம் சரி. ஆனாலும் வெடித்துப் போன காலுக்கு எண்ணெயைவிட அதுதான் பலமான மூடி. இயற்கை என்பதற்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எண்ணெயின் பலம் வேறு: வீட்டில் இருக்கிறது, பரவும், வழுவழுப்பாக்கும், தினமும் தடவ மனம் வரும். தினமும் தடவுகிற சுமாரான மருந்து, அலமாரியில் தூங்குகிற உயர்ந்த மருந்தைவிட நல்லது.

இனி எந்த எண்ணெய். வறண்ட தோலுக்கு மனிதர்களிடம் சோதித்துப் பார்த்த சான்று தாவர எண்ணெய்களில் தேங்காய் எண்ணெய்க்குத்தான் ஓரளவு உருப்படியாக இருக்கிறது. 2004-ல் பிலிப்பைன்சில் 34 பேருக்கு, காலில், தினம் இரண்டு வேளை, இரண்டு வாரம் தடவிப் பார்த்தார்கள். தேங்காய் எண்ணெயும், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயிலும் ஒன்றுக்கொன்று குறையாமல் ஈரத்தைக் கூட்டின. 2014-ல் அதே நாட்டில் கரப்பான் என்ற தோல் அழற்சி (எக்ஸிமா) உள்ள 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் பார்த்ததில் தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலைவிட மேலாக இருந்தது. இவை சிறிய ஆய்வுகள், தேங்காய் விளைகிற நாட்டில் நடந்தவை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனால் திசை ஒன்றாகவே இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் பாதிக்குக் கிட்ட லாரிக் அமிலம். அதற்குக் கிருமிகளை ஓரளவு அடக்கும் குணம் உண்டு, சொறிந்து புண்ணாகும் தோலுக்கு அது உதவலாம். எளிதில் சிக்கு வாடை அடிக்காது என்பது இன்னொரு சௌகரியம்.

நீங்கள் வாங்க நினைக்கும் ஆலிவ் எண்ணெயைப் பற்றித்தான் எச்சரிக்கை. 2013-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் பெரியவர்களின் முன்கையில் தினம் இரண்டு வேளை, ஆறு ஆறு துளியாகச் சில வாரங்கள் தடவினார்கள். ஆலிவ் தடவிய கையில் தோலின் கட்டு தளர்ந்தது, லேசாகச் சிவக்கவும் செய்தது. சூரியகாந்தி தடவிய கையில் கட்டு கெடவில்லை, ஈரம் கூடியது. காரணம் ஓலிக் அமிலம் என்று கருதப்படுகிறது. தோல் வழியாக மருந்து இறங்க வேண்டிய பூச்சுகளில் வழி திறப்பதற்காகவே சேர்க்கிற பொருள் அது. ஆலிவில் பெரும்பங்கு அதுதான். பாதாம் எண்ணெயிலும் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டி ஓலிக்தான். பாதாமை ஆலிவ் மாதிரி நேராகச் சோதித்த வலுவான ஆய்வு இல்லாததால் அது கெடுதல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கூடுதல் விலை கொடுக்க ஒரு காரணமும் தெரியவில்லை. கடலை எண்ணெயும் ஓலிக் மிகுந்ததுதான்.

சூரியகாந்தி எண்ணெயை யாரும் தோலுக்கென்று யோசிப்பதில்லை. அது பொரிக்கிற எண்ணெய் என்ற எண்ணம். ஆனால் சாந்து என்று சொன்னேனே, அதில் ஒரு முக்கியமான செராமைடு உருவாக லினோலிக் அமிலம் வேண்டும். உடம்பு அதைத் தானாகச் செய்துகொள்ளாது. 1929-லேயே கொழுப்பில்லாத தீனி போட்ட எலிகளின் தோல் செதில் செதிலாகப் போனதைப் பார்த்துத்தான் இந்த அமிலம் அவசியம் என்று கண்டுபிடித்தார்கள். 1970-களில், குறைபாடு உள்ள நோயாளிகளுக்குச் சூரியகாந்தி எண்ணெயைத் தோலில் தடவியே அதைச் சரிசெய்து காட்டினார்கள். நம் கடைகளில் விற்கும் சாதாரணச் சூரியகாந்தி எண்ணெயில் லினோலிக்தான் அதிகம். பாக்கெட்டில் 'ஹை ஓலிக்' என்று போட்டிருந்தால் அது வேறு ரகம், தோலுக்கு வேண்டாம். இதன் குறை சீக்கிரம் கெட்டுப்போவது. நூறு மில்லி சீசாவில் ஊற்றி வெளிச்சம் படாமல் வைத்து, ஒரு மாதத்தில் தீர்த்துவிட வேண்டும்.

நல்லெண்ணெய் ஆலிவுக்கும் சூரியகாந்திக்கும் நடுவில் நிற்கிறது: ஓலிக்கும் லினோலிக்கும் ஏறக்குறையச் சரிபாதி. நூற்றாண்டுப் பழக்கம் உண்டு, நல்ல ஒப்பீட்டு ஆய்வு குறைவு. ஒத்துக்கொள்கிறதென்றால் விட வேண்டியதில்லை. எள் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் தொடக் கூடாது. விளக்கெண்ணெய் தனியாகத் தடவ முடியாத அளவு கெட்டி. ஒரு பங்குக்கு மூன்று பங்கு தேங்காய் எண்ணெய் கலந்தால் குதிகாலில் நன்றாக நிற்கும். கடுகெண்ணெய் வேண்டாம், காரத்தைக் கொடுக்கும் அதே பொருள் வறண்ட தோலை எரிக்கும். வேப்பெண்ணெயும் வறட்சிக்கான எண்ணெய் அல்ல. சில வீடுகளில் கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெயை உள்ளுக்குப் புகட்டுகிறார்கள். வலிப்பு, மூளை வீக்கம், மரணம் வரை போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஒரு சொட்டுகூட வேண்டாம்.

'வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு' என்பார்கள். கொடுக்கும்போது சீட்டையும் படிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் சமையலுக்கா தலைக்கா என்ற வரி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2024 டிசம்பரில்தான் சிறிய பாக்கெட்டில் வந்தாலும் அது சமையல் எண்ணெயாகவே கருதப்படலாம் என்று தீர்ப்பானது. உங்களுக்கு வேண்டியது அந்த ரகம்: உணவு உரிம எண் இருக்க வேண்டும், சேர்மானம் என்ற இடத்தில் தேங்காய் எண்ணெய் மட்டும் இருக்க வேண்டும். தலைக்கென்று விற்கும் சிலவற்றில் மினரல் ஆயிலும் வாசனையும் கலந்திருக்கும். மினரல் ஆயில் கெடுதல் செய்யாது, வாசனைப் பொருள்தான் அரிப்பைக் கிளப்பும். ஃபிரிட்ஜில் வைத்து உறைந்தால் சுத்தம் என்ற சோதனையை அதிகம் நம்ப வேண்டாம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உறையும், சரி. ஆனால் பனங்கொட்டை எண்ணெயும் ஏறக்குறைய அப்படியே உறையும். மார்கழியில் சீசாவிலேயே கட்டியாகிவிட்டால் அடுப்பில் வைக்காமல் வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். ஈரக் கையை விட்டு எடுக்காதீர்கள். புது எண்ணெய் எதுவானாலும் முன்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் அளவு இடத்தில் ஏழு நாள், தினம் இரண்டு வேளை தடவிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

எண்ணெயில் எதையாவது சேர்த்தால் வீரியம் கூடும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. லாவெண்டர், டீ ட்ரீ என்று சிறு குப்பியில் விற்பவை பெயரில்தான் எண்ணெய். அவை வாசனைச் சத்து. மூடும் வேலையைச் செய்யாது, நேராகத் தடவினால் தோல் வெந்துபோகும். வறட்சிக்கு அவை தேவையே இல்லை. எலுமிச்சைச் சாறு வேண்டாம். கற்பூரம் போட்டுக் காய்ச்சினால் குளிர்ச்சியாக இருந்து அரிப்பை மறைக்கும், அவ்வளவுதான். அது குழந்தை வாயில் போனால் வலிப்பு வரும்.

தடவக் கூடாத இடங்களும் உண்டு. தேமல் இருந்தால் அங்கே எண்ணெய் வேண்டாம். அதற்குக் காரணமான பூஞ்சை கொழுப்பைத் தின்றே வாழ்வது. ஆய்வகத்தில் அதை வளர்க்க ஆலிவ் எண்ணெயைத்தான் ஊற்றுவார்கள். மூக்கோரம், புருவம், தலை இங்கெல்லாம் மஞ்சள் செதிலாக உதிர்ந்தால் அதுவும் பெரும்பாலும் வறட்சியல்ல, அதே பூஞ்சையின் உறவுதான். எண்ணெய் வைக்க வைக்கக் கூடும். பரு வரும் முகம், வேர்க்குரு வந்த முதுகு, படர்தாமரை, நீர் வடியும் புண், கால்விரல் இடுக்கு, இவை எல்லாமே விலக்கு. சர்க்கரை உள்ளவர்கள் விரல் இடுக்கில் எண்ணெயோ கிரீமோ நிற்கவிட்டால் ஊறிச் சேற்றுப்புண் ஆகிவிடும்.

எண்ணெய் மட்டும் போதாத கால் என்றால் அடியில் ஈரம் பிடிக்கிற ஒரு பொருளைச் சேர்க்கலாம். மருந்துக் கடைக் கிளிசரின் ஒரு தேக்கரண்டிக்கு நான்கு தேக்கரண்டி கொதித்து ஆறிய தண்ணீர். ஈரக் காலில் முதலில் இதைத் தடவி, ஒரு நிமிடம் விட்டு, மேலே எண்ணெய். கலவையை அன்றன்றைக்கு மட்டும் செய்யுங்கள். தண்ணீர் சேர்ந்தபின் வைத்திருந்தால் கிருமி வளரும். தண்ணீர் கலக்காத கிளிசரினை அப்படியே பூசினால் அது தோலிலிருந்தே ஈரத்தை இழுக்கும். பித்தவெடிப்புக்கு: இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீரில் கால் ஊறட்டும், நுரைக்கல்லால் (பியூமிஸ்) ஒரே பக்கமாக லேசாகத் தேய்த்து, ஒற்றி, உடனே விளக்கெண்ணெய்க் கலவையோ வேசலினோ, மேலே பருத்தி சாக்ஸ். இது அழகு நிலையக் குறிப்பு அல்ல. வேலூர் பக்கம் கரிகிரி போன்ற தொழுநோய் மையங்களில் உணர்ச்சி மரத்த கால்களைப் புண்ணாகாமல் காக்கப் பல பத்தாண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கும் முறை: ஊறவை, தேய், ஈரத்தோடு எண்ணெய் பூசு. இரத்தம் கசிகிற வெடிப்பு, சர்க்கரைக்காரர் கால் என்றால் மட்டும் கல்லைத் தொடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பத்து சதவீத யூரியா கிரீம் இந்த இடங்களில் எந்த எண்ணெயையும்விட வேகமாக வேலை செய்யும்; பிளவில் பட்டால் சுரீரென்று எரியும்.

பேத்திக்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய், குளிப்பாட்டி ஒற்றியெடுத்தபின், ஒரு தேக்கரண்டிக்குள், அழுத்தாமல். ஆலிவ், கடுகு, வேம்பு மூன்றும் வேண்டாம். குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவி டாக்கா சிசு மருத்துவமனையில் செய்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில் மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்தது. தோலின் தடுப்பு அவ்வளவு பெரிய விஷயம். ஆனால் தினமும் ஏதாவது தடவி வந்தால் கரப்பான் வராமலே தடுக்கலாம் என்ற நம்பிக்கை, 2020-ல் வெளியான, 1,394 குழந்தைகளிடம் செய்த பிரிட்டிஷ் ஆய்வில் நிற்கவில்லை. வறட்சிக்குத் தடவுங்கள், காப்பாக நினைக்காதீர்கள். மூக்கிலும் காதிலும் வாயிலும் எண்ணெய் விட்டுக் குளிப்பாட்டும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் இருமல்கூட வராமல் நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆகும். அந்த நிமோனியாவைச் சாதாரண மருந்துகள் எளிதில் ஆற்றாது.

எழுத்தில் படித்து இது வறட்சி மட்டும்தான் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. காய்ந்த ஏரிப் படுகை மாதிரி தோல் கட்டம் கட்டமாக வெடித்துச் சிவந்தால் அது கரப்பானாக மாறிவிட்டது, சில நாள் ஸ்டீராய்டு களிம்பு வேண்டியிருக்கும். அரிப்பு இரவில் மட்டும் கூடி வீட்டில் மற்றவருக்கும் இருந்தால் சொறிப்பூச்சி. சிறு வயதிலிருந்தே மீன் செதில் போல இருந்தால் பரம்பரை. குளிர் தாங்காமை, முடி உதிர்தல், உடல் எடை கூடுவது சேர்ந்திருந்தால் தைராய்டு பார்க்க வேண்டும். காய்ந்த படை ஒன்று மட்டும் வெளிறி, அங்கே வேர்க்காமல், கிள்ளினால் தெரியாமல் இருந்தால் எண்ணெய்ச் சீசாவை வைத்துவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தொழுநோய்க்கு அங்கே மருந்து இலவசம், முழுக்கக் குணமாகும்.

இவை எதுவும் இல்லையென்றால் புது எண்ணெய் வாங்கும் முன் ஒரு சின்னச் சோதனை. வெந்நீரையும் சோப்பையும் மேலே சொன்னபடி மாற்றிவிட்டு, இடது காலுக்கு இப்போதுள்ள தேங்காய் எண்ணெய், வலது காலுக்குச் சமையலறையிலிருக்கும் சூரியகாந்தி எண்ணெய், இரண்டும் ஈரத்தோடு, அதே அளவு, பதினான்கு நாள். காலையில் பார்க்காதீர்கள். மாலை ஆறு மணிக்கு, விளக்குப் போட்டு, இரண்டு கெண்டைக்காலிலும் நகத்தால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். எந்தக் காலில் வெள்ளைக் கோடு மங்கலாக விழுகிறதோ அந்த எண்ணெயை வைத்துக்கொள்ளுங்கள்.